பெட்டிக்குள் கிடக்கும் சின்னச் சட்டைகள்



சென்ற மாதம் இப்பக்கத்துக்கு வந்த கடிதங்களுள் ஒன்றை இன்னும் மேசையிலேயே வைத்திருக்கிறேன். எழுதியவர் மூன்று பிள்ளைகளின் தாய். கடைசிப் பிள்ளைக்கு ஐந்து வயது. அலுமாரிக்கு மேல் இரண்டு பெட்டி நிறையப் பிள்ளைகளின் பழைய உடுப்புக்கள் கிடக்கின்றனவாம். பல இரண்டு மூன்று தடவைகளுக்கு மேல் உடுத்தப்படாதவை. அவருடைய ஊரிலே ஒரு பெண் இப்படியான உடுப்புக்களைப் பொறுப்பெடுத்துத் தன் கடையில் வைத்து விற்று, தனது பங்கை எடுத்துக்கொண்டு மிச்சக் காசைத் தருகிறாராம். கொடுத்துப் பார்க்க இவருக்கு ஆசை. ஆனால் மாமி ஒரே சொல்லில் மறித்துவிட்டார். "உடுத்த சட்டைய விக்கிற அளவுக்கு நாங்க போயிட்டமா? ஏழைப் புள்ளைகளுக்குக் குடுத்தா நன்மையாவது கிடைக்கும்" என்றாராம். விற்பது இழிவா, கொடுப்பதுதான் சிறப்பா என்று கேட்டிருக்கிறார் சகோதரி.

இரண்டு வரியில் பதில் எழுதி முடித்திருக்கலாம். ஆனால் இந்த விடயத்தில் எனக்கே ஒரு வெட்கக் கதை உண்டு. அதைச் சொல்லாமல் பதில் சொன்னால் பாதியை மறைத்ததாகிவிடும்.

எங்களூரில் இப்படியொரு கடை 2023 இல் ஆரம்பமானது. கடை என்று சொன்னாலும் அது ஒரு வீட்டின் முன் அறைதான். 2022 ஐ நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்றோம். அந்த வருடம் செப்டெம்பரில் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 சதவீதம் வரை போயிற்று. முன்பு ஆயிரம் ரூபாவுக்கு வாங்கிய பிள்ளைச் சட்டை இரண்டாயிரத்தைத் தாண்டியது. பெருநாளைக்குப் புறக்கோட்டைக்குப் போய் கெய்சர் வீதியில் நாலு கடை ஏறி இறங்கி ஒரு பையோடு வரும் வழக்கம் பல வீடுகளில் நின்றுபோனது. பெரியவர்கள் பழையதை உடுத்துச் சமாளிக்கலாம். வளரும் பிள்ளை என்ன செய்யும்? போன வருடத்துச் சட்டை முழங்காலுக்கு மேலே நிற்கும். கைக்குழந்தையென்றால் இன்னும் மோசம். மூன்று மாதச் சட்டை நாலாம் மாதத்தில் தலைக்குள்ளேயே போகாது.

அந்த நாட்களில்தான் எங்கள் தெருவில் ஒரு தாத்தா தன் முன் அறையில் இரண்டு கம்பிகளைப் பொருத்தி, ஹேங்கர்களில் பிள்ளை உடுப்புக்களைத் தொங்கவிட்டார். கையில் முதல் இல்லை. ஆகவே சரக்கு வாங்கி வைக்கவில்லை. "நீங்க கொண்டு வந்து வைங்க, வித்தா சல்லி, விக்காட்டி உடுப்பு" என்பதுதான் அவருடைய ஏற்பாடு. விற்ற விலையில் மூன்றில் ஒரு பங்கு அவருக்கு. இரண்டு பங்கு சொந்தக்காரருக்கு. இரண்டு மாதத்துக்குள் விற்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். ஆண்கள் அறைக்குள் வருவதில்லை. ஆதலால் பெண்கள் ஆறுதலாக இருந்து, விரித்துப் பார்த்து, பிள்ளைக்கு வைத்து அளந்து வாங்குவார்கள். அஸர் தொழுகைக்குப் பின்னர்தான் கூட்டம்.

இனி என் கதை.

என் மகளுக்கு ஏழு வயதில் ஒரு பெருநாள் கவுண் வாங்கியிருந்தோம். பீச் நிறம், வலைத் துணி, இடுப்பில் முத்து வைத்தது. இரண்டு தடவை உடுத்தாள், மூன்றாம் தடவைக்கு அளவு போதவில்லை. முதுகுப்பக்க ஸிப் பாதி வழியில் சிக்கும். இழுத்தால் ஏறும், பிறகு நடுவில் தானாகப் பிரியும். எனக்கு அது நன்றாகத் தெரியும். கழுவி, அயன் பண்ணி, ஸிப்பை மெதுவாக மேலே ஏற்றி, முதுகுப்புறம் உள்ளே போகும்படி மடித்து, ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தேன். "வாங்குகிறவர் பார்த்துத்தானே வாங்குவார்" என்று மனதுக்குள் ஒரு சமாதானம். ரமழான் இருபதாம் நோன்பளவில் கவுண் 1200 ரூபாவுக்கு விற்றது. என் பங்கு 800 ரூபாவை வாங்கிக்கொண்டேன்.

அதை வாங்கியவர் காலையில் இடியப்பம் அவித்து வீடுகளுக்குக் கொடுக்கும் ஒரு தாய். பெருநாளன்று காலையில் பிள்ளையைக் குளிப்பாட்டி, கவுணைப் போட்டு, ஸிப்பை இழுத்தபோது அது இரண்டாகப் பிரிந்திருக்கிறது. ஊசி குத்தி, மேலே ஒரு சால்வை போர்த்தித்தான் உம்மும்மா வீட்டுக்குக் கூட்டிப் போயிருக்கிறார். பிள்ளை அழுதுகொண்டே போனதாம். ஒரு கிழமைக்குப் பிறகு அந்தத் தாய் கடைக்கு வந்தது காசு கேட்க அல்ல. வேறு ஸிப் வைக்க முடியுமா, எவ்வளவு போகும் என்று கேட்கத்தான். தாத்தா 1200 ரூபாவையும் தன் கையிலிருந்தே கொடுத்துவிட்டார். பிறகு என்னிடம் வந்து, "தங்கச்சி, ஸிப் பழுதெண்டு நீங்க செல்லல்லயே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபித்திருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

800 ரூபாவைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் இழந்த 400 ரூபாவையும் கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. தானும் ஸிப்பைத் திறந்து பார்த்திருக்க வேண்டும் என்றார்.

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலைக் கடந்து போகையில் உள்ளே கையை விட்டுப் பார்த்ததும், அடியில் ஈரம் இருந்ததும் நீங்கள் பயானில் பலமுறை கேட்ட சம்பவம். மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி சொன்னான். நனைந்ததை ஜனங்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுகிறவன் தம்மைச் சேர்ந்தவனல்லன் என்று கண்டித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் வரும் செய்தி இது. நானும் பலமுறை கேட்டிருக்கிறேன். அரிசி வியாபாரிக்கும் மீன் வியாபாரிக்கும் சொன்னது என்றுதான் கேட்டேன். என் அலுமாரியில் மடித்து வைத்த கவுணுக்கும் அது பொருந்தும் என்று அதுவரை தோன்றவில்லை. அந்த வியாபாரியாவது மழை நனைத்தது என்றான். நான் ஸிப்பை என் கையாலேயே உட்பக்கம் மடித்தேன்.

இதற்குப் பிறகு எங்கள் கடையில் ஒரு வழக்கம் வந்தது. உடுப்பில் எங்கே குறை இருக்கிறதோ அங்கே சொந்தக்காரரே ஒரு சிவப்பு நூலைக் கட்டிக் கொடுக்க வேண்டும். கறைக்கு ஒரு தையல், பொத்தான் இல்லாத இடத்தில் ஒரு முடிச்சு, தளர்ந்த இலாஸ்டிக்கில் ஒரு முடிச்சு. விலையும் அதற்கேற்பக் குறையும். சிவப்பு நூலைக் கண்டால் ஒருவரும் எடுக்கமாட்டார்கள் என்று பயந்தோம். ஆனால் தையல் தெரிந்த தாய்மார் வந்தவுடன் முதலில் தேடுவதே அதைத்தான். 250 ரூபாவுக்கு வாங்கி, ஒரு மணித்தியாலம் உட்கார்ந்து சரிசெய்து, புதிதுபோல் ஆக்கிவிடுகிறார்கள்.

மாமியின் கேள்விக்கு வருவோம். ஏழைகளுக்குக் கொடுப்பது நன்மை என்பதில் யாருக்குச் சந்தேகம்? ஆனால் கொடுப்பது என்ற பெயரில் நாங்கள் எதைக் கொடுக்கிறோம்? 2004 கடற்கோளுக்குப் பிறகு மருதமுனை, சாய்ந்தமருது, கல்முனைப் பக்கங்களுக்கு நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் உடுப்பு மூட்டைகள் போயின. அவற்றில் நல்லவையும் இருந்தன. பொத்தான் இல்லாத சேட்டும், காலர் கிழிந்த சட்டையும், ஒருவரும் உடுக்க முடியாத பழந்துணியும் இருந்தன. கண்ணை மூடிக்கொண்டாலன்றித் தாங்களே வாங்க விரும்பாத மட்டமான பொருளைத் தர்மமாகக் கொடுக்க நாடவேண்டாம் என்று ஸூரத்துல் பகராவிலே அல்லாஹ் எச்சரிக்கிறான். விற்பதற்கு நல்லதைப் பொறுக்கி எடுத்துவிட்டு, விற்க முடியாததை ஸதகா மூட்டையில் கட்டினால், இந்தக் கடைகள் வந்ததால் எங்களுக்குக் கேடுதான் வந்திருக்கும். விற்கப் பத்து எடுத்தால், அதே தரத்தில் இரண்டாவது கொடுப்பதற்கென்று ஒதுக்குங்கள். கிழிந்தது தரை துடைக்க.

இன்னொரு பக்கமும் உண்டு. கடைக்கு வருகிற எல்லாரும் ஸதகா வாங்குகிறவர்கள் அல்லர். இடியப்பம் அவிக்கும் அந்தத் தாயிடம் போய், "இந்தாங்க, என் மகள் உடுத்தது" என்று கவுணை நீட்டியிருந்தால் வாங்கியிருப்பாரா என்பது சந்தேகம். வாங்கினாலும் அவருடைய பிள்ளை என் பிள்ளைக்கு முன்னால் அதை உடுத்திக்கொண்டு நிற்கும்போது யார் கொடுத்தது என்பது இருவருக்கும் தெரிந்திருக்கும். கடையில் அவர் தன் காசைக் கொடுத்தார், தெரிவு செய்தார், நிறம் பிடிக்கவில்லையென்று இரண்டைத் திருப்பியும் வைத்தார். கேட்காமலே கஷ்டத்தை மறைத்து வாழ்கிறவர்களைப் பற்றியும் குர்ஆன் அதே ஸூராவில் பேசுகிறது. அவர்களுக்கு உதவும் வழிகளில், நியாயமான விலையில் ஒரு நல்ல உடுப்பைக் கிடைக்கச் செய்வதும் ஒன்று என்றே நான் நினைக்கிறேன். மாமி கோபிக்க வேண்டாம். இரண்டு கதவும் திறந்தேயிருக்கட்டும்.

இனிக் கொடுக்கல் வாங்கலின் முறை. சண்டை பிறப்பது இங்கேதான். பெண்கள் நாங்கள் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். "எங்கட தாத்தாதானே" என்று ஒன்றும் பேசாமல் பையை வைத்துவிட்டு வருவோம். இரண்டு மாதம் கழித்து, "பன்னிரண்டு தந்தேன்" என்பார் ஒருவர், "பத்துத்தான் வந்தது" என்பார் மற்றவர். பிறகு கலியாண வீட்டில் கண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இரண்டு சட்டைக்காக.

குர்ஆனிலே மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது தெரியுமா? தவணைக்குக் கொடுக்கல் வாங்கல் செய்தால் எழுதிக்கொள்ளுங்கள் என்பதைப் பற்றியது. சிறிதோ பெரிதோ எழுதச் சோம்ப வேண்டாம் என்றும் அதில் வருகிறது. ஆகவே ஒரு கொப்பி வாங்குங்கள். உடுப்பு என்ன, எந்த அளவு, என்ன குறை, எவ்வளவுக்கு விற்க வேண்டும், இதற்குக் கீழே விற்கக் கூடாது என்ற விலை எது, எத்தனை நாள் வைக்கலாம் என்று எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். பிரதி ஒன்று உங்கள் கையில் இருக்கட்டும். இதனால் ஒருவரை ஒருவர் சந்தேகிப்பதாக ஆகாது. மறதி எல்லாருக்கும் உண்டு.

விற்றுக் கொடுப்பவர் வாங்கும் கூலி ஹலாலா என்று சில சகோதரிகள் கேட்கிறார்கள். புஹாரி இமாம் தமது நூலில் தரகுக் கூலிக்கென்றே ஒரு தலைப்பு வைத்திருக்கிறார். அங்கே அவர் எடுத்துக்காட்டும் உதாரணமே ஒரு துணிதான். இந்தத் துணியை விற்றுக் கொடு, இன்ன தொகைக்கு மேல் எவ்வளவு வந்தாலும் அது உனக்கு என்று ஒருவர் சொல்வதில் குற்றமில்லை என்று இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் கருதியதாக அங்கே வருகிறது. எல்லா மத்ஹபும் இதை ஒரே மாதிரி ஏற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எமது ஷாபிஈ நூல்களில் கூலி இவ்வளவு என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்பதில் கண்டிப்பு அதிகம். விற்ற விலையில் இத்தனை பங்கு என்று பேசிக்கொள்வதை ஹன்பலி அறிஞர்கள் அனுமதித்திருக்கிறார்கள். இன்றைய உலமாக்கள் பலரும் அதையே எடுத்துச் சொல்கிறார்கள். மனம் சஞ்சலப்பட்டால் ஒரு உடுப்புக்கு 100 ரூபா, 200 ரூபா என்று நிலையான கூலி பேசிக்கொள்ளுங்கள். உங்கள் ஊர் ஆலிமிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. 500 ரூபாவுக்கு விற்கச் சொல்லிக் கொடுத்த உடுப்பை, பெருநாள் நெருக்கத்தில் கடைக்காரி 600 ரூபாவுக்கு விற்றுவிட்டார். அந்த 100 ரூபா யாருக்கு? மேலே சொன்ன மாதிரி, கூடுவது உங்களுக்கு என்று முதலிலேயே பேசியிருந்தால் அவருக்கு. அப்படிப் பேசாமல் கூலி மாத்திரம் பேசியிருந்தால் அது உடுப்பின் சொந்தக்காரிக்கு. உர்வா அல்பாரிகீ (ரழி) அவர்களின் சம்பவத்தை நினைத்துப் பாருங்கள். நபி (ஸல்) அவர்கள் ஓர் ஆடு வாங்கிவர ஒரு தீனார் கொடுத்தார்கள். அவர் அந்த ஒரு தீனாருக்கு இரண்டு ஆடுகளை வாங்கி, அதில் ஒன்றை ஒரு தீனாருக்கு விற்று, ஓர் ஆட்டையும் ஒரு தீனாரையும் கொண்டுவந்து ஒப்படைத்தார். தன் சாமர்த்தியத்தால் வந்தது என்று அதை மடியில் கட்டிக்கொள்ளவில்லை. அவருடைய வியாபாரத்தில் பரக்கத் உண்டாக நபியவர்கள் துஆச் செய்தார்கள்.

விலையைக் குறைப்பதும் இப்படித்தான். ஓர் ஏழைத் தாய் வந்து கெஞ்சினால் மனம் இளகும். குறைத்துக் கொடுக்க விரும்பும் கடைக்காரி தன் பங்கிலிருந்து குறைக்கலாம். சொந்தக்காரியின் பங்கிலிருந்து என்றால் அவரைக் கேட்க வேண்டும். மற்றவர் பொருளைக் கொண்டு நாம் தாராளம் காட்ட முடியாது. எங்கள் தாத்தா இதற்குக் கொப்பியில் தனியாக ஒரு நிரல் போட்டிருக்கிறார். "தேவையுள்ளவருக்குக் குறைக்கலாம்" என்று சம்மதித்தவர்களின் பெயருக்கு நேரே ஒரு புள்ளி. முக்கால்வாசிப் பேர் சம்மதித்துவிட்டார்கள்.

கடையில் இருக்கும்போது உடுப்பு பழுதானால்? கடைக்காரியின் கையில் அது அமானிதம். அவருடைய கவனக்குறைவு இல்லாமல் பழுதானால் நட்டஈடு கேட்க முடியாது. கூரை ஒழுகுகிறது என்று தெரிந்தும் அதன் கீழேயே தொங்கவிட்டிருந்தால் அது வேறு கதை. விற்காமல் கிடந்து, சொந்தக்காரி வந்து எடுக்கவுமில்லை என்றால் கடைக்காரி தானாகவே யாருக்காவது கொடுத்துவிடக் கூடாது. "இத்தனை நாளைக்குள் எடுக்காவிட்டால் ஸதகாவாகக் கொடுத்துவிடுங்கள்" என்று முதலிலேயே கொப்பியில் எழுதி வாங்கிக்கொண்டால் பிரச்சினையில்லை.

கொடுக்குமுன் உடுப்பைத் தயார்செய்வதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெட்டிக்குள்ளிருந்து எடுத்து அப்படியே கொண்டுபோகாதீர்கள். குழந்தை கக்கிய பால் அன்று கழுவும்போது கண்ணுக்குத் தெரியாது. ஒரு வருடம் கழித்துக் கழுத்தடியில் மஞ்சளாக எழும்பி நிற்கும். குளிர்ந்த நீரில் சவர்க்காரம் போட்டு ஓரிரவு ஊறவைத்து, மறுநாள் கழுவி நல்ல வெயிலில் காயவிட்டால் பெரும்பாலும் போய்விடும். சட்டை ஊசியின் துருக்கறைக்குத் தேசிக்காய்ச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வைப்பது எங்கள் உம்மாமார் செய்த வேலை. வெள்ளைத் துணிக்குச் சரி, வர்ணத் துணியென்றால் மூலையில் சிறிது தடவிப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். மலைநாட்டுப் பக்கம் இருப்பவர்களுக்குப் பூஞ்சணம் பெரிய தொல்லை. கறுப்புப் புள்ளி ஆழமாக விழுந்துவிட்டால் அதை விற்கப் பார்க்க வேண்டாம். பிள்ளைகளின் உடுப்பில் நஜீஸ் பட்டிருப்பது சாதாரணம். அது நீங்கும்படி சுத்தமாகக் கழுவிக் கொடுப்பது உங்கள் பொறுப்பு.

பூச்சி உருண்டை விடயத்தில் கொஞ்சம் கவனமாக இருங்கள். அதிலுள்ள நப்தலீன் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒத்துக்கொள்ளாது. பிறப்பிலேயே இரத்தத்தில் ஒருவகை நொதியம் குறைவாயுள்ள குழந்தைகளுக்கு அதன் வாசனையாலேயே இரத்தச் சிவப்பணுக்கள் அழிந்து கடுமையான மஞ்சட்காமாலை வரலாம். குறை இருப்பது முன்கூட்டித் தெரிவதுமில்லை. ஆகவே கைக்குழந்தை உடுப்புள்ள பெட்டியில் பூச்சி உருண்டை போடவே வேண்டாம். காய்ந்த வேப்பிலை போடுங்கள். ஏற்கெனவே உருண்டை போட்டு வைத்த உடுப்பு என்றால் அதையும் ஒரு குறையாகச் சொல்லிக் கொடுங்கள். பிறந்த குழந்தைக்கு அது வேண்டாம். கழுத்தில் கட்டும் நாடா, தொப்பி நாடா இருந்தால் கழற்றிவிடுங்கள், அது குழந்தையின் கழுத்தில் இறுகக்கூடும். ஆடும் பொத்தானை இறுக்கித் தையுங்கள். சின்னப் பிள்ளையின் கை முதலில் போவது பொத்தானுக்கு, அடுத்தது வாய்க்கு.

எவை நன்றாக விற்கின்றன? பெருநாளுக்கு ஒரு மாதம் முந்திக் கொடுக்கும் கவுணும் ஜுப்பாவும். புதிய வகுப்பு ஆரம்பிக்குமுன் பாடசாலைச் சீருடை. அரசாங்கம் துணி தந்தாலும் தையல் கூலியை யார் தருவது? தைத்த சீருடை, அதுவும் முஸ்லிம் பிள்ளைகளின் நீளக் களிசானும் பர்தாவும் நல்ல நிலையில் இருந்தால், ஒரு கிழமைகூடத் தொங்காது. விலையை வாங்கிய விலையின் மூன்றில் ஒரு பங்குக்குள் வையுங்கள். உங்களுக்கு அது நினைவுகள் நிறைந்த சட்டைதான். வாங்குபவருக்கு அது பழைய சட்டை.

கடைசியாக ஒன்று. யாருடைய உடுப்பு அது? பிள்ளையினுடையதுதானே என்பீர்கள். அப்படியென்றால் பிள்ளையைக் கேட்டீர்களா? சவூதியிலிருந்து சாச்சா அனுப்பிய கவுண், உம்மும்மா கொடுத்த பெருநாள் சட்டை, இவை அந்தப் பிள்ளைக்கென்றே கொடுக்கப்பட்ட அன்பளிப்புக்கள். மார்க்கப்படி அவை பிள்ளையின் சொத்து. வாப்பாவின் சம்மதத்தோடு விற்றாலும் அந்தக் காசு பிள்ளைக்கே போய்ச் சேர வேண்டும். அடுத்த அளவுச் சட்டை வாங்கலாம், சப்பாத்து வாங்கலாம். வீட்டு மின்சாரக் கட்டணத்தோடு கலந்துவிட வேண்டாம்.

எங்கள் வீட்டில் பீச் நிறக் கவுண் போனபோது மகளிடம் நான் சொல்லவேயில்லை. ஸிப் சம்பவத்துக்குப் பிறகு அது வீட்டுக்குத் திரும்பி வந்ததும் ஆச்சரியமாகக் கேட்டாள், "உம்மா, இது எங்க போயிருந்த?" என்று. உண்மையைச் சொன்னேன், பெருநாளன்று ஊசி குத்திக்கொண்டு போன பிள்ளையைப் பற்றியும் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்தப் புள்ளைக்கே குடுப்பமே" என்றாள். புது ஸிப் வாங்கி, தையற்காரியிடம் கொடுத்து வைத்துக்கொண்டு தாத்தாவிடம் போனேன். சும்மா கொடுத்தால் அந்தத் தாய் வாங்கமாட்டார் என்பது எனக்குத் தெரியும். தாத்தா அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். "ஸிப் மாத்தின கவுண், 300 ரூபா" என்று கொப்பியில் எழுதி, அவருக்கு ஆள் அனுப்பினார். அவர் வந்து ஸிப்பை நாலு தரம் ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் காசைக் கொடுத்தாராம்.

ஆகவே, கடிதம் எழுதிய சகோதரியே, வெள்ளிக்கிழமை வீட்டு வேலை ஓய்ந்ததும் அந்த இரண்டு பெட்டிகளையும் கீழே இறக்குங்கள். மாமியையும் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள். கொடுப்பதற்கானதை அவரே தெரிந்தெடுக்கட்டும், முதலில் அவர் எடுக்கட்டும். மிச்சத்தை வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். ஒரு சிவப்பு நூற்கட்டை கையில் இருக்கட்டும்.

பாடசாலைப் பைகளைப் பற்றிக் கேட்ட சகோதரிக்கு அடுத்த மாதம் எழுதுகிறேன், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.